நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்: எந்த மருத்துவர், எந்த மாத்திரை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி.எம்.எல். எனப்படும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் இருப்பது புதிதாகத் தெரியவந்தவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டில் சிகிச்சை பெறுபவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவு பற்றி இங்கே இருப்பவை பொது விவரங்கள். உங்கள் சீட்டில் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஏன் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளை அணுக்கள் ஒன்றரை லட்சம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இன்றிரவே மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆனால் இந்த வாரத்துக்குள் உரிய மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். இயல்பான அளவு 4,000 முதல் 11,000 வரை என்பதால் ஒன்றரை லட்சம் யாரையும் பயமுறுத்தும். சி.எம்.எல். நோயில் அந்த எண் சாதாரணமாகக் காணப்படுவதுதான். ஹெர்னியா அறுவைக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் நிறைய. இன்னும் சிலர் "இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது" என்று மாதக்கணக்கில் வயிற்றுக்கு மருந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள். வயிற்றில் கோளாறு ஒன்றும் இருக்காது. இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கி இரைப்பையை அழுத்திக்கொண்டிருக்கும்.

மூச்சுத்திணறல், பார்வை மங்கல், குழப்பமான பேச்சு, நிற்காத ரத்தக்கசிவு, கடும் காய்ச்சல், இடப்பக்க வயிற்றில் திடீர் வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றே போங்கள். ஆண்களுக்கு மணிக்கணக்கில் தணியாத, வலியோடு கூடிய விறைப்பு ஏற்படுவதும் இந்த வரிசையில் சேரும். வெட்கப்பட்டு அதை மறைப்பவர்கள் உண்டு; மறைக்கக் கூடாது.

முதல் நாளில் பலருக்கு ஹைட்ராக்சியூரியா கேப்சூல் தருவார்கள். எண்ணிக்கையைக் கீழே இறக்குவதற்கான தற்காலிக ஏற்பாடு அது. அணுக்கள் இயல்புக்கு வந்துவிட்டன என்று அதையே மாதக்கணக்கில் தொடர்வது பெரிய தவறு. கவுண்ட் இறங்கியிருக்கும், நோய் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும்.

இது எப்படிப்பட்ட நோய்? பிழைக்க வாய்ப்பு உண்டா?

உண்டு, நன்றாகவே உண்டு. 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் ஒரு கலப்பு மரபணு உருவாகிறது. அது தயாரிக்கும் புரதம் வெள்ளை அணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. அப்படிச் சுருங்கிப்போன 22ஆம் குரோமோசோமை 1960இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் இருவரும் கண்டறிந்ததால் அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர். அந்தப் புரதத்தின் வேலையை மட்டும் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்ய முடியாதவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் இறந்துபோனார்கள். இமாட்டினிப் கொண்டு நடந்த முதல் பெரிய ஆய்வில், பத்தாண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 83.3 சதவீதம்.

எங்கள் ஊர் டாக்டரே மாத்திரை எழுதித் தருகிறார். பிறகு எதற்கு நிபுணர்?

மாத்திரை எழுதுவது எளிது. அது வேலை செய்கிறதா என்று அறிக்கையைப் படித்துச் சொல்வதும், செய்யாதபோது எதற்கு மாற்றுவது என்று முடிவெடுப்பதும்தான் நிபுணரின் வேலை. ரத்தவியல் நிபுணரையோ, புற்றுநோய்க்கு மருந்து வழி சிகிச்சை தரும் மெடிக்கல் ஆன்காலஜிஸ்டையோ பார்க்கலாம். கதிர்வீச்சு நிபுணரும் புற்றுநோய் அறுவை நிபுணரும் இதற்கு உரியவர்கள் அல்லர். "கேன்சர் டாக்டர்" என்று பொதுவாக விசாரித்துவிட்டு வேறு வாசலில் காத்திருந்தவர்கள் உண்டு.

அடையாறு புற்றுநோய் நிலையம் (1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது), வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறை, புதுச்சேரி ஜிப்மர், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை ஆகியவை தமிழ்நாட்டார் வழக்கமாக நாடும் இடங்கள். தனியார் மருத்துவமனைகளிலும் தகுதியான நிபுணர்கள் இருக்கிறார்கள்.

நான் எல்லோருக்கும் சொல்வது இரட்டை ஏற்பாடு. நோயை உறுதிசெய்வது, முதல் மாத்திரையைத் தீர்மானிப்பது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்பிடுவது ஆகியவை பெரிய மையத்தில் நடக்கட்டும். இடையில் வரும் ரத்தப் பரிசோதனை, காய்ச்சல், சளி எல்லாம் ஊர் மருத்துவரிடம். தேனியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ ஒவ்வொரு சளிக்கும் சென்னைக்கு ரயில் ஏறினால் ஆறே மாதத்தில் சலித்துப்போகும். சலிப்பு வந்தபின் முதலில் நிற்பது பரிசோதனை, அடுத்து மாத்திரை.

முதல் முறை போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

எல்லா ரத்த அறிக்கைகளையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை செய்திருந்தால் அதன் அறிக்கையோடு, ஆய்வகத்தில் இருக்கும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு, வாயு என்று எதற்குச் சாப்பிடும் மாத்திரையானாலும் அட்டையோடு எடுத்துப் போங்கள். பெயர் எழுதிய காகிதத்தைவிட அட்டை மேல். எழுத்துப் பிழை வராது. ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்யாவிட்டால் செய்யச் சொல்லிக் கேளுங்கள். உடம்பில் உறங்கிக்கிடக்கும் அந்தக் கிருமி இந்த மாத்திரைகளால் விழித்துக்கொள்ளக்கூடும்.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை கட்டாயமா? முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும் என்கிறார்களே?

ஊசி போடுவது முதுகுத்தண்டில் அல்ல, இடுப்பெலும்பின் பின்பக்கத்தில். நரம்புக்கு ஒன்றும் ஆகாது. மரத்துப்போக ஊசி போட்டாலும் உறிஞ்சும் நொடியில் சுரீரென்று வலிக்கும், அவ்வளவுதான். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, வேறு குரோமோசோம் கோளாறுகள் சேர்ந்திருக்கின்றனவா என்று அறியத் தொடக்கத்தில் ஒருமுறை இது தேவை. பிறகு கையில் எடுக்கும் ரத்தமே பெரும்பாலும் போதும்.

இத்தனை மாத்திரைகள் இருக்கின்றனவே, எது நல்லது?

எல்லோருக்கும் நல்லது என்று ஒன்று இல்லை. உங்கள் உடம்பில் வேறு என்ன நோய் இருக்கிறது என்பதே பாதி விடையைத் தீர்மானித்துவிடும்.

இமாட்டினிப் மிகப் பழையது, மிக மலிவானது, இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் மற்றவற்றைவிடச் சாது. வழக்கமான அளவு நாளுக்கு 400 மில்லிகிராம், ஒரே வேளை. நாளின் பெரிய சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். விழுங்க முடியாதவர்கள் 400 மில்லிகிராம் மாத்திரையை 200 மில்லி தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கலாம். கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் இழுப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவை இதன் பழக்கமான தொல்லைகள்.

டாசாட்டினிப் (நாளுக்கு ஒருமுறை 100 மில்லிகிராம்) வேகமாக வேலை செய்யும். தொல்லை நுரையீரல் பக்கம்: நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும். ஐந்தாண்டுகள் கண்காணித்த ஆய்வில் 28 சதவீதம் பேருக்கு இது வந்தது. ஏற்கெனவே ஆஸ்துமா, நுரையீரல் நோய் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். இன்னொரு விஷயத்தை நம்மவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் "கேஸ் மாத்திரை" போடும் பழக்கம் பாதி வீடுகளில் இருக்கிறது. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அந்த மாத்திரைகள் வயிற்று அமிலத்தைக் குறைக்கின்றன. டாசாட்டினிப் உடம்பில் சேர அமிலம் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர் விலையுயர்ந்த மருந்தில் ஒரு பகுதியை வீணாக்கிக்கொண்டிருக்கிறார்.

நிலோட்டினிப் புதிதாகத் தொடங்குவோருக்கு 300 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை. கண்டிப்பாக வெறும் வயிற்றில்: முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம் உணவு கூடாது. சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்தில் மருந்து அளவுக்கு மீறி ஏறி, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும், ரத்தக்குழாய் அடைப்புக்கு வழிவகுக்கும். நீரிழிவு இருக்கும் 60 வயதுக்காரருக்கு முதல் மருந்தாக இதை எழுதினால் நான் காரணம் கேட்பேன்.

போசூட்டினிப் இதயத்தைப் பொறுத்தவரை நிலோட்டினிப்பைவிடப் பரவாயில்லை. முதல் சில வாரங்களுக்கு வயிற்றுப்போக்கு படுத்திவிடும், கல்லீரலையும் கவனிக்க வேண்டும். போனாட்டினிப் மிகவும் வலுவானது, ஆனால் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து உள்ளது. மற்றவை தோற்றபின் எடுக்கும் ஆயுதம். புரதத்தின் வேறொரு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் அசிமினிப், 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது.

புதிய மருந்து என்றால் கூடுதல் ஆயுள்தானே? நகையை விற்றாவது வாங்கிவிடலாமா?

விற்காதீர்கள். புதிய மருந்துகள் நோயின் அளவை வேகமாகவும் ஆழமாகவும் குறைக்கின்றன என்பது உண்மை. 2024இல் வெளியான அசிமினிப் ஆய்வில், 48 வாரங்களில் நல்ல இலக்கை (பிசிஆர் பற்றிய கேள்வியில் வரும் 0.1 என்ற படி) எட்டியவர்கள் 67.7 சதவீதம், பழைய மாத்திரைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டவர்களில் 49 சதவீதம். ஆனால் டாசாட்டினிப், நிலோட்டினிப் இரண்டையும் இமாட்டினிப்போடு ஒப்பிட்டு ஆண்டுக்கணக்கில் நடந்த ஆய்வுகளில், மொத்த ஆயுளில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. நோய் தொடக்கத்திலேயே கூடுதல் ஆபத்து உடையதாக இருந்தாலோ, பின்னாளில் மாத்திரையை நிறுத்திக் குழந்தை பெற விரும்பும் இளம்பெண்ணாக இருந்தாலோ வேகத்துக்குப் பொருள் உண்டு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள முதியவருக்கு இமாட்டினிப் குறைந்த தேர்வு அல்ல, பல சமயம் அதுவே சரியான தேர்வு.

என் கருத்தில், கையில் இருக்கும் பணம் மாத்திரையின் புதுமைக்குப் போவதைவிடப் பரிசோதனைக்குப் போவது மேல். மலிவான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பவர், விலையுயர்ந்ததை வாங்கிவிட்டு இரண்டாண்டுகள் பரிசோதிக்காதவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார்.

இந்திய ஜெனரிக் மாத்திரைகளை (அதே மருந்தைப் பிற நிறுவனங்கள் தயாரித்து விற்பவை) நம்பலாமா?

நம்பலாம். இந்தக் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. கிளிவெக் என்ற பெயரில் இமாட்டினிப்பை விற்ற நோவார்ட்டிஸ் நிறுவனம், அதன் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006 ஜனவரியில் அந்த அலுவலகம் மறுத்தது. வழக்கு பல படிகள் ஏறி உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அமர்வு, கூடுதல் பலன் தராத புதிய வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை என்னும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவைக் காட்டி நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அப்போது கிளிவெக் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய மாத்திரை சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். இன்று இன்னும் குறைந்த விலைக்கே கிடைக்கிறது.

நல்ல நிறுவனத்தின் மாத்திரையாகப் பார்த்து ஒன்றிலேயே நில்லுங்கள். மாதாமாதம் பிராண்டை மாற்றினால், பரிசோதனையில் நோயின் அளவு ஏறும்போது காரணம் புரியாது. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். பில் தராத கடையில் வாங்காதீர்கள்.

பிசிஆர் அறிக்கையில் இருக்கும் சதவீதத்தை எப்படிப் படிப்பது?

இந்த நோயில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே கணக்கு இதுதான், சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

அந்தக் கலப்பு மரபணுவின் தடயம் ரத்தத்தில் எவ்வளவு மீதமிருக்கிறது என்பதை பிசிஆர் பரிசோதனை சதவீதமாகத் தருகிறது. மாத்திரை தொடங்கி மூன்றாம் மாதத்தில் 10 சதவீதம் அல்லது கீழே, ஆறாம் மாதத்தில் 1 சதவீதம் அல்லது கீழே, ஓராண்டில் 0.1 சதவீதம் அல்லது கீழே இருந்தால் வண்டி சரியான சாலையில் போகிறது. 0.1 என்ற படியை எட்டி அங்கேயே நிற்பவருக்கு நோய் முற்றும் ஆபத்து மிகக் குறைவு. 0.01க்குக் கீழே போவது ஆழ்ந்த கட்டுப்பாடு.

அறிக்கையில் "ஐ.எஸ்." (IS) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சர்வதேச அளவுகோலுக்கு மாற்றிய எண் என்று அதற்குப் பொருள். அது இல்லாத எண்ணை மேலே சொன்ன படிகளோடு ஒப்பிட முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். 0.04 இருந்தது 0.07 ஆகிவிட்டது என்று தூக்கம் கெடுபவர்கள் உண்டு. அந்த அளவு ஏற்ற இறக்கம் பரிசோதனையின் இயல்பு. 0.04 இருந்தது 0.9 ஆனால்தான் கவலை, அப்போதும் முதல் வேலை மறுபரிசோதனை.

கவுண்ட் சரியாக இருக்கிறதே, பிசிஆர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ரத்த அணுக்கள் இயல்பாக இருக்கும்போதே இந்த எண் மெல்ல ஏறத் தொடங்கிவிடும். கவுண்ட் காட்டிக்கொடுக்கும் வரை காத்திருந்தால் மாதங்கள் வீணாகியிருக்கும்.

வாரத்தில் ஒருநாள் மாத்திரையை விட்டால் என்ன ஆகிவிடும்?

லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் இமாட்டினிப் எடுத்துவந்த 87 பேரின் மருந்துக் குப்பி மூடியில், ஒவ்வொரு திறப்பையும் பதிவுசெய்யும் சிறு சில்லை வைத்துக் கண்காணித்தார்கள். 2010இல் வெளியான முடிவு: பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மாத்திரை எடுத்தவர்கள் 0.1 என்ற இலக்கை எட்டும் வாய்ப்பு 94.5 சதவீதம். அதற்குக் குறைவாக எடுத்தவர்களுக்கு 28.4 சதவீதம். பத்தில் ஒரு பங்கு என்றால் மாதத்துக்கு மூன்று மாத்திரை. ஏகாதசி, அமாவாசை விரதம், கல்யாண அலைச்சல் என்று விட்டாலே மூன்றாகிவிடும்.

மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. வழக்கமான ஒன்றைத் தொடருங்கள். பக்கவிளைவு தாங்காமல் விடுகிறீர்கள் என்றால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ மாற்றவோ வழி இருக்கிறது. "ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்" என்று பொய் சொன்னால், மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்து இன்னும் கடுமையான மாத்திரைக்கு மாற்றிவிடுவார்கள்.

முகம் வீங்குகிறது, தோல் வெளுக்கிறது. வெண்குஷ்டம் என்று ஊரில் பேசுகிறார்கள்.

இமாட்டினிப் நிறமிச் செல்களையும் பாதிப்பதால் நம் போன்ற தோலில் வெளுப்பு கண்ணில் படும். ஆபத்தில்லை, தொற்றாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் நிறம் திரும்பும். வெயிலில் போகும்போது உடம்பை மூடிக்கொள்ளுங்கள். காலையில் கண்ணிமை வீக்கத்துக்கு உப்பைக் குறைப்பதும் தலையணையைச் சற்று உயர்த்துவதும் உதவும். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கிலோ எடை ஏறினால் அது சதை அல்ல, நீர்; உடனே தெரிவிக்க வேண்டும்.

எண் ஏறிவிட்டது. மாத்திரையை மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றுவதற்கு முன் மூன்று கேள்விகள். ஒன்று, மாத்திரை விட்டுப்போனதா? இரண்டு, புதிதாக வேறு மருந்து ஏதும் சேர்ந்ததா? காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் பெனிடாயின், கார்பமாசபின் ஆகியவை இமாட்டினிப்பின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். மூன்று, மரபணுத் திரிபுப் பரிசோதனை செய்தாயிற்றா? எந்தத் திரிபு என்று தெரிந்தால்தான் எந்த மாத்திரை என்று சொல்ல முடியும். டி315ஐ (T315I) என்ற திரிபு இருந்தால் இமாட்டினிப், டாசாட்டினிப், நிலோட்டினிப், போசூட்டினிப் நான்கும் பயன்படாது. போனாட்டினிப், கூடுதல் அளவு அசிமினிப், எலும்பு மஜ்ஜை மாற்று என்பவையே வழி. இந்தப் பரிசோதனை இல்லாமல் மாற்றச் சொன்னால் இரண்டாவது கருத்துக் கேட்க அதுவே சரியான நேரம். இரண்டாவது கருத்துக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள். நல்ல மருத்துவர்கள் கோபிப்பதில்லை.

சித்த மருந்தையும் சேர்த்து எடுக்கலாமா?

மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் சேர்க்கக் கூடாது. இந்த மாத்திரைகள் கல்லீரலில் ஒரே நொதி வழியாகக் கரைகின்றன. அந்த வழியை அடைப்பதும் அகலப்படுத்துவதும் மூலிகைகளால் முடியும். கிரேப்ஃப்ரூட் பழமும் இப்படித்தான். அதன் உறவான பம்ப்ளிமாஸையும் தவிர்ப்பது நல்லது. ஆரஞ்சு, சாத்துக்குடியை இதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. இமாட்டினிப்பை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மட்டும் போகச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா?

சிலர் நிறுத்த முடிகிறது. நோய் எப்போதும் நாள்பட்ட கட்டத்தை (முற்றாத முதல் கட்டம்) தாண்டியிருக்கக் கூடாது. பல ஆண்டுகள் மாத்திரை எடுத்திருக்க வேண்டும் (இமாட்டினிப் என்றால் ஐந்தாண்டுக்குமேல் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல்). குறைந்தது இரண்டாண்டுகள் 0.01 அல்லது அதற்குக் கீழே நின்றிருக்க வேண்டும். ஆழ்ந்த கட்டுப்பாட்டை எட்டி நின்ற 750க்கு மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஐரோப்பிய ஆய்வில், இரண்டாண்டு முடிவில் பாதிப் பேர் மாத்திரையின்றி இருந்தார்கள். நோய் திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்திலேயே திரும்பியது. மாத்திரையை மீண்டும் தொடங்கியதும் ஏறக்குறைய எல்லோருக்கும் அடங்கியது.

நிறுத்திய முதல் ஆறு மாதம் மாதாமாதம் பிசிஆர் எடுக்க வேண்டும். அதற்குப் பணமும், முடிவு விரைவாகத் தரும் ஆய்வகமும் இல்லையென்றால் நிறுத்த வேண்டாம். "எண் சுழியம்" என்று பார்த்தவுடன் தாமாகவே நிறுத்துவது வேறு சங்கதி, அது ஆபத்து.

குழந்தை பெறலாமா?

பெண்கள் கருவுற்ற காலத்தில் இந்த மாத்திரைகளை எடுக்கக் கூடாது. முதல் மூன்று மாதங்களில் சிசுவின் உறுப்புகளைப் பாதிக்கும். ஆழ்ந்த கட்டுப்பாடு வந்தபின் நிபுணரோடு திட்டமிட்டு மாத்திரையை நிறுத்தி, பிறகு கருத்தரிப்பதே முறை. இடையில் நோய் தலைதூக்கினால் இன்டர்ஃபெரான் ஊசி உண்டு. எதிர்பாராமல் கரு தங்கிவிட்டால் உடனே மருத்துவரை அழையுங்கள். தாய்ப்பால் தரும்போதும் மாத்திரை கூடாது. இமாட்டினிப் எடுக்கும் ஆண்களைப் பொறுத்தவரை இதுவரையிலான அனுபவம் ஆறுதலானது.

செலவுக்கு என்ன உதவி கிடைக்கும்?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. எந்த மாத்திரை, எந்தப் பரிசோதனை அதில் அடங்கும் என்று மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு அலுவலரிடம் சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இமாட்டினிப் இலவசமாகக் கிடைக்கும் இடங்கள் உண்டு. வெளியே வாங்குபவர்கள் மக்கள் மருந்தகத்திலும் விசாரிக்கலாம். இருப்பு தீரும் நாளன்று போகாமல், பத்து நாள் மாத்திரை மீதமிருக்கும்போதே போங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையில் சிக்கினால் ஒரு வாரம் ஓடிவிடும்.

அப்பாவுக்கு சி.எல்.எல். என்கிறார்கள். டாக்டர் மருந்தே தராமல் மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார். கைவிட்டுவிட்டாரா?

இல்லை. சி.எல்.எல். என்பது நாள்பட்ட லிம்போசைட்டிக் ரத்தப் புற்றுநோய். பெயரில்தான் நெருங்கிய உறவு, வேறு நோய். லிம்போசைட் என்ற அணுக்கள் பெருகும். முதியவர்களுக்கே அதிகம் வரும். அறிகுறி இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே சிகிச்சை தொடங்கியதால் ஆயுள் கூடவில்லை என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், காத்திருந்து கண்காணிப்பதே முறையான சிகிச்சை. ஹீமோகுளோபின் குறைவது, தட்டணுக்கள் சரிவது, நெறிக்கட்டிகள் பெரிதாவது, காரணமில்லாமல் எடை இறங்குவது, இரவில் உடை நனைய வியர்ப்பது ஆகியவை வந்தால் மருந்து தொடங்கும்.

இமாட்டினிப் இதற்கு உதவாது. இப்ரூட்டினிப், அகலாப்ரூட்டினிப் போன்றவை தொடர்ந்து சாப்பிட வேண்டியவை. துடிப்பு ஒழுங்கின்மையும் ரத்தக்கசிவும் அவற்றின் தொல்லைகள், இப்ரூட்டினிப்பில் கூடுதல். வெனட்டோகிளாக்ஸை ஊசி மருந்தோடு சேர்த்துக் குறிப்பிட்ட காலத்துக்குத் தந்து நிறுத்திவிடலாம். ஆனால் 20 மில்லிகிராமில் தொடங்கி ஐந்து வாரத்தில் 400க்கு ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் அணுக்கள் கூட்டமாக அழிந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். தொடங்கும் முன் 17ஆம் குரோமோசோமில் இழப்பு உள்ளதா என்ற பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால் பழைய பாணி கீமோதெரபி பலன் தராது.

சி.எம்.எல். பிள்ளைகளுக்கும் வருமா? தனித் தட்டு, டம்ளர் வைக்க வேண்டுமா?

வராது. அந்தக் குரோமோசோம் மாற்றம் பிறந்தபின் எலும்பு மஜ்ஜையில் ஒரு செல்லில் நேர்ந்தது. விந்திலோ சினைமுட்டையிலோ இல்லை. பிள்ளைகளுக்குப் பரிசோதனை தேவையில்லை, கல்யாணப் பேச்சில் அதைக் குறையாகப் பேச இடமுமில்லை. தட்டு, டம்ளர், படுக்கை எதையும் பிரிக்க வேண்டாம்.